லூதர் பிம்மின் நூற்றுத் தொண்ணூற்று நான்கு அடி

லூதர் பிம் எத்தனை படத்தில் நடித்தார் என்று கேட்டால் நூற்றுமுப்பதுக்குக் குறையாது என்பார். அந்த நூற்றுமுப்பதிலும் சேர்த்து அவர் எவ்வளவு நேரம் திரையில் நின்றார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அது எனக்குத் தெரியும். ஸ்டுடியோவில் பிலிமை வெட்டி ஒட்டுகிற வேலை எனக்கு. முப்பது வருடம் அதையே செய்தவளுக்கு மனிதர்களை அடிக்கணக்கில் அளக்கிற புத்திதான் வரும். தொண்ணூறு அடி ஓடினால் ஒரு நிமிடம். லூதர் பிம் ஒன்பது அடிக்காரர். கதவைத் திறப்பார், தொப்பியை வாங்கிக்கொள்வார், "மேடம் தோட்டத்தில் இருக்கிறார்கள், ஐயா" என்பார். அவர் வாயை மூடுவதற்குள் கதாநாயகன் அவரைத் தாண்டிப் போயிருப்பான். காமிராவும் அவன் பின்னால் போயிருக்கும்.

அவர் காலமெல்லாம் பட்லராகவே போனதற்கு நடிப்பு காரணம் இல்லை, ஒரு கோட்டுதான் காரணம். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட அவருடைய கம்பெனி கான்சாஸ் பக்கம் எங்கேயோ கலைந்துபோனபோது, பின்னால் வால் தொங்குகிற கறுப்புக் கோட்டு ஒன்றுடன் கலிஃபோர்னியாவுக்கு ரயில் ஏறினார். இங்கே ஆள் எடுக்கிற அலுவலகத்தில் முதல் கேள்வியே "சொந்தத்தில் என்ன உடுப்பு வைத்திருக்கிறாய்?" என்பதுதான். அவர் கோட்டைக் காட்டினார். அன்றைக்கே அவருடைய அட்டையில் பட்லர் என்று எழுதிவிட்டார்கள். அதற்கு முன் பத்து வருடம் மேடையில் அவர் ராஜாவாகவும் கொலைகாரனாகவும் பாதிரியாராகவும் நின்றதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

நாங்கள் எல்லாரும் ஹெல்கா அம்மாளின் வளாகத்தில் குடியிருந்தோம். ஒரு முற்றம், அதைப் பார்த்தபடி எட்டுச் சின்ன வீடுகள், எட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு போன். அது ஹெல்கா அம்மாளின் வாசலில் தொங்கும். நாளை வேலை உண்டா இல்லையா என்பது அந்தப் போன் மணியில்தான் இருந்தது. அதனால் சாயங்காலம் எட்டு மணி வரை யாராவது ஒருவர் அதன் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். குளிக்கப் போகிறவன்கூட நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போவான். எங்கள் வளாகத்துச் சட்டம் அது ஒன்றுதான்.

மூன்றாம் வீட்டில் டஃபி ஷே இருந்தான். குதிரையிலிருந்து விழுவது அவன் தொழில். காலையில் முற்றத்தில் நின்று, கரண்டியால் கோப்பையைத் தட்டி லூதரைக் கூப்பிடுவான்.

"யோவ் பட்லரே! காபி எங்கய்யா?"

"ஐயா இன்னைக்கு எத்தனை மணிக்குக் குதிரையிலேருந்து விழணும்? அதுக்குள்ள கொண்டாந்துடறேன்" என்பார் லூதர், கதவுக்கு உள்ளே இருந்தே, அந்தப் பட்லர் குரலிலேயே.

"என் இடுப்பு ஒடிஞ்சாலும் உமக்குக் கிண்டலு."

"ஒடிஞ்சா சொல்லுங்க ஐயா. கதவைத் திறந்து விடறேன். அது ஒண்ணுதான் எனக்கு நல்லா வரும்."

சிரிப்புக்குப் பஞ்சமில்லாத மனிதர். தன்னைப் பற்றிய சிரிப்பென்றால் இன்னும் தாராளம். அவர் சிரிக்காத விஷயம் ஒன்றே ஒன்று, அது கோரா.

கோரா அவருடைய ஒரே மகள். ஒஹையோவில் டேட்டன் ஊரில், பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். தாய் செத்தபோது அவளுக்கு ஆறு வயது. லூதர் அப்போது நாடகத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். இந்தக் கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்று எழுதுவார். போக மாட்டார். அடுத்த கிறிஸ்துமசுக்குக் கட்டாயம் என்று எழுதுவார். அப்படிப் பதினேழு கிறிஸ்துமஸ் போயிற்று. அந்தப் பெண் வளர்ந்து தொப்பிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அப்பாவைத் திரையிலாவது பார்க்கலாம் என்று ஒவ்வொரு படத்துக்கும் போய்வந்தாள். அவள் எழுதிய கடிதம் ஒன்றை லூதர் எனக்குப் படித்துக் காட்டினார்.

"கைக்குட்டை கீழ விழுந்துதுன்னு குனிஞ்சேன் அப்பா. நிமிர்றதுக்குள்ள உங்க காட்சி முடிஞ்சிடுச்சு. பக்கத்துல இருந்த என் சிநேகிதிகிட்ட, இப்ப போனாரே அவர்தான் எங்கப்பான்னு சொன்னேன். யாருமே போகலையே, கதவுதானே திறந்துதுங்கறா."

படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன்.

"வேணாம் வின்னி" என்றார். "நான் இதுவரைக்கும் அவளுக்குச் சொன்ன எதையும் செஞ்சதில்லை. ஒரே ஒரு தடவை, ரெண்டு நிமிஷம், அவ கண்ணு முன்னால முழுசா நின்னுட்டேன்னா போதும். வேற ஒண்ணும் கேக்கலை."

அந்த இரண்டு நிமிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம் வந்தது.

நொடித்துப்போன பணக்கார வீட்டுக் கதை. எங்கள் ஸ்டுடியோவில் வருடத்துக்கு மூன்று அப்படி எடுப்பார்கள். பட்லராக லூதர். முதல் ரீலில் வழக்கம்போல ஒன்பது அடி, கதவு. ஆறாம் ரீலில் வீட்டுக்காரர் அவரைக் கூப்பிட்டு இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்ல வேண்டும், இவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போக வேண்டும். கதாசிரியன் எழுதியது அவ்வளவுதான். ஆனால் அன்று கதாநாயகிக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. அரை நாள் கையில் மிச்சம் இருந்தது. டைரக்டர், ஓடுகிறவரை ஓடட்டும் என்று காமிராவை நிறுத்தாமல் விட்டுவிட்டார்.

மறுநாள் அந்தத் துண்டு என் மேசைக்கு வந்தது. சின்னக் கண்ணாடித் திரையில் ஓட்டிப் பார்த்தேன். எஜமானர் சொல்கிறார். லூதர் "நல்லதுங்க ஐயா" என்கிறார். எஜமானரின் மேல்கோட்டை எடுத்து, தூசி தட்டி, தினமும் செய்வதுபோல அவருக்குப் போட்டுவிடுகிறார். காலரை நீவிவிடுகிறார். அவர் வெளியே போகிறார். இப்போது அறையில் லூதர் தனியாக நிற்கிறார். தன் கோட்டை எடுக்கிறார். கையை நுழைக்கிறார். கை உள்ளே போகவில்லை. மறுபடி நுழைக்கிறார், போகவில்லை. கோட்டைத் திருப்பிப் பார்க்கிறார். யாராவது பிடித்துக்கொள்வார்களா என்பதுபோல அந்தக் காலி அறையை ஒரு தரம் பார்க்கிறார். பிறகு மூன்றாம் தடவை கை போய்விடுகிறது. தொப்பியை வைத்துக்கொண்டு, கதவைத் தானே திறந்து, தானே சாத்திக்கொண்டு போகிறார்.

நூற்றுத் தொண்ணூற்று நான்கு அடி. நான் அழுதேன். ஆயிரம் படம் பார்த்த கண் இது, லேசில் அழாது.

அன்று மாலை அவரிடம் ஓடினேன். "எப்படி மிஸ்டர் பிம் அது தோணிச்சு உங்களுக்கு? அந்தக் கை நுழையாதது?"

"தோணலை. கோட்டுக் கையில உள்துணி கிழிஞ்சிருந்துது" என்றார். "விரல் மாட்டிக்கிச்சு. நிறுத்துன்னு யாரும் சொல்லலை. நானும் நிறுத்தலை."

"அந்த அறையைச் சுத்திப் பாத்தீங்களே?"

"அது கிழிஞ்ச துணி இல்லை" என்றார்.

அன்றைக்கே கோராவுக்கு எழுதிப் போட்டார். இந்தப் படத்துக்கு முதல் நாளே போ, கைக்குட்டை விழுந்தாலும் குனியாதே, உன் சிநேகிதியையும் கூட்டிப் போ என்று. தபால்பெட்டி வரை நானும் கூட நடந்தேன்.

படம் முடிந்து வெளியே போகும்முன், ஸ்டுடியோக்காரர்கள் அதை யாருக்கும் சொல்லாமல் தள்ளியிருக்கிற ஏதாவது ஊருக்கு எடுத்துப் போய், அங்கே வேறு படம் பார்க்க வந்த சனங்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். வாசலில் அஞ்சலட்டைகளும் பென்சில்களும் இருக்கும். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதிப் போட வேண்டும். அந்தக் கார்டுகளை வைத்துத்தான் தயாரிப்பாளர் எதை வெட்டுவது, எதை வளர்ப்பது என்று முடிவு செய்வார். எந்த ஊர் என்பது பரம ரகசியம். ஆனால் பிலிம் டப்பாவைச் சுமந்துகொண்டு போகிறவளிடம் அந்த ரகசியத்தை மறைக்க முடியாது. இந்தத் தடவை பொமோனா.

நான் வளாகத்தில் சொன்னேன். எல்லாரும் போய் லூதருக்காகக் கார்டு எழுதுவோம் என்ற யோசனையும் என்னுடையதுதான், அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன். டஃபியின் ஓட்டை வண்டியில் ஆறு பேர், சிவப்பு டிராமில் ஐந்து பேர். ஹெல்கா அம்மாள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள். லூதரிடம் மட்டும் சொல்லவில்லை. எல்லாரும் கடற்கரைக்குப் போகிறோம் என்றோம்.

"போங்க, போங்க. போனைப் பாத்துக்க ஒருத்தர் வேணுமே" என்றார் அவர், அதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

பொமோனாவில் கை நுழையாத முதல் தடவைக்குக் கொட்டகை சிரித்தது. இரண்டாம் தடவைக்கும் கொஞ்சம் சிரித்தது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தபோது ஒரு சத்தமும் இல்லை. என் பின்வரிசையில் ஒரு பெரிய ஆள் மூக்கைச் சிந்தினான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடிப் போய்க் கார்டுகளை அள்ளினோம். "லூதர் பிம் பிரமாதம்." "லூதர் பிம்முக்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன்." "லூதர் பிம் நடிக்கும் காட்சிகள் இன்னும் வேண்டும்." டஃபி இரண்டு எழுதினான். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பென்சிலாக மாற்றி மாற்றி நான்கு எழுதினேன். திரும்பி வரும்போது வண்டியில் ஒரே பாட்டு.

திங்கட்கிழமை காலை தயாரிப்பாளர் வெல்கர் எடிட்டிங் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"படம் நீளம்" என்றார். "ஆறாவது ரீல்ல அந்தக் கோட்டுக் காட்சி இருக்கே, அதை எடுத்துடு. 'நல்லதுங்க ஐயா'வோட முடிச்சுடு. இல்லை, அதுவும் வேணாம். முழுசா எடுத்துடு."

"சார், பொமோனாவுல அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"பொமோனாவுல அதுக்குத்தான் என்ன?" என்றார், என்னை உற்றுப் பார்த்து.

என் வேலை எனக்கு வேண்டியிருந்தது. பெண்களுக்கு அந்த அறையில் இடம் கிடைப்பதே பெரிய பாடு. நான் வாயை மூடிக்கொண்டேன். கத்தரியை எடுத்து அந்த நூற்றுத் தொண்ணூற்று நான்கு அடியையும் வெட்டினேன். ஒட்டிய இடம் தெரியாதபடி ஒட்டினேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்து அழிக்கக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் அதைச் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்து, கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தப் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கிற வகை. ஹெல்கா அம்மாளுக்குத் தெரிந்தால் அன்றே என்னை வெளியே தள்ளிவிடுவாள். வாசனை வெளியே வரக்கூடாது என்று மூடியைச் சுற்றி மூன்று சுற்றுப் பிளாஸ்திரி ஒட்டி, அலமாரியின் அடியில் கம்பளிக்குக் கீழே தள்ளினேன்.

காட்சி போய்விட்டது என்று லூதருக்கு நான்தான் சொன்னேன். நீளமாம், அதனால் எடுத்துவிட்டார்கள் என்றேன். எடுத்த கை யாருடையது என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?

"ம்" என்றார். "கோரா டிக்கெட் வாங்கிட்டேன்னு எழுதியிருக்கா."

அவளுடைய அடுத்த கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. அதை அவரே என் கையில் கொடுத்தார்.

"இந்தத் தடவை கண்ணைக்கூட மூடலை அப்பா. சிநேகிதியும் கண் கொட்டாம பாத்தா. கதவைத் திறந்தீங்க. அப்புறம் படம் முடிஞ்சு விளக்குப் போட்டாங்க. நாங்க எழுந்திருக்கலை, இன்னும் இருக்கும்னு உக்காந்திருந்தோம். கூட்டறவங்க வந்து எழுப்பினாங்க. இனிமே எனக்கு எதுவும் சொல்லாதீங்க. கிறிஸ்துமசுக்கு வரேன்னும் சொல்லாதீங்க. நீங்க சொல்லாட்டி எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை."

"வெட்டிட்டாங்கன்னு எழுதுங்க" என்றேன்.

சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "இந்த ஊர்ல எந்த நடிகன் அதைச் சொல்லலை? டஃபியைக் கேளு. அவன் நல்லா விழுந்ததையெல்லாம் வெட்டிட்டாங்கம்பான். நான் சொன்னா அவ நம்புவாளா?" முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "வெட்டினவங்க சொன்னா நம்புவா" என்றார்.

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நீ எழுது என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவோமோ என்று அவருக்கும் பயமாக இருந்திருக்கும். நான் என்ன செய்தேன்? இந்த வருடம் எலுமிச்சை நிறையக் காய்த்திருக்கிறது என்றேன். முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம் இருந்தது. அவரும், ஆமாம், நிறையக் காய்த்திருக்கிறது என்றார்.

எழுதினால் கடிதம் ஸ்டுடியோவுக்குத் தெரிந்துவிடும், வெட்டியதை வெளியில் சொன்னேன் என்று வேலை போய்விடும், டப்பா விஷயமும் வெளியே வரும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேட்டனில் தொப்பி விற்கிற பெண்ணுக்கு எழுதும் கடிதம் எந்த ஸ்டுடியோவுக்குப் போகும்? பயந்தாங்கொள்ளிக்குக் காரணத்துக்கா பஞ்சம். ஒரு நாள் அந்தப் படத்தையே அவளுக்குக் காட்டிவிடுவோம், கடிதத்தைவிட அது பெரிது என்றும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அந்தச் சமாதானம் பதின்மூன்று வருடம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோ லூதரைக் கூப்பிடுவது நின்றது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மற்ற இடங்களில் எப்போதாவது ஒரு கதவு கிடைத்தது. சண்டைக்காலத்தில் பட்லர்களுக்கே மவுசு போய்விட்டது. படங்களில் பணக்காரர்கள் தாங்களே கதவைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் ஒரு ஓட்டலில் வாசல் காவலராகச் சேர்ந்தார். "பாத்தியா, கடைசியில நெஜக் கதவு" என்றார்.

ஐம்பத்தொன்றில் வெல்கர் ஸ்டுடியோவை விட்டுப் போனார். அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் மருந்துக் கடைக்குள்ளேயே காபியும் பலகாரமும் விற்கிற கவுண்டரில் லூதரும் நானும் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் தின்றுகொண்டிருந்தோம். அவருக்கு ஆப்பிள், எனக்கு எலுமிச்சை. வெல்கர் போன சந்தோஷத்தில் எனக்கு வாய் திறந்துகொண்டது. பொமோனாவுக்கு நாங்கள் போன கதையைச் சொன்னேன். அன்று கடற்கரைக்குப் போகவில்லை என்றேன்.

"பதினாறு கார்டு எழுதினோம் மிஸ்டர் பிம். பதினாறு! அப்படியும் அந்த மனுஷன் காட்சியைத் தூக்கிட்டான்."

"பதினேழு" என்றார் லூதர், பலகாரத்தை வெட்டிக்கொண்டே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெல்கர் என்னைக் கூப்பிட்டு விட்டான், அந்தத் திங்கட்கிழமை காலையில. மேசை மேல என் பேரு போட்ட கார்டு பதினேழையும் பரப்பி வெச்சிருந்தான், நீ எண்ணினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. 'பொமோனாவுல உனக்கு ரசிகர் மன்றம் இருக்கா?'ன்னான். எனக்கு ஒண்ணும் புரியலை. 'படத்து ஆரம்பத்துல நாலு பேர் பேருதான் போட்டிருக்கு, உன் பேரு இல்லை. பட்லர் பேரு லூதர் பிம்முன்னு பொமோனாக்காரனுக்கு எவன்யா சொன்னான்?'ன்னான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொமோனாவில் நிஜமாக அழுதவர்களும் எழுதியிருப்பார்கள். அந்தக் கிழப் பட்லர், அந்தக் கோட்டுக்காரர் என்று எழுதியிருப்பார்கள். பெயர் எழுத அவர்களுக்கு வழியில்லை. எங்களுக்கோ அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. பெயர் வர வேண்டும் என்று ஏங்கியே காலத்தை ஓட்டுகிற கூட்டம் நாங்கள். பெயர் தெரியாமலும் ஒருவரை ரசிக்கலாம் என்பது எங்கள் எட்டு வீட்டில் ஒருவருக்கும் எட்டவில்லை.

"நாங்கதான் அப்ப..." என்றேன்.

"அதுல நாலு கார்டு உன் கையெழுத்து" என்றார். "பென்சிலை மாத்தினியே தவிர கையை மாத்தலை. பிலிம் டப்பா மேல ஒட்டற சீட்டுல வெல்கரும் தெனம் பாக்கற எழுத்துதானே. அன்னைக்கு அவனுக்குத் தெரியலை. இன்னும் ரெண்டு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதான் நான்தான் எழுதினேன், பதினேழும் நானே எழுதிப் போட்டேன்னுட்டேன்."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு வேலை போயிருக்கும்."

"உங்களுக்குப் போச்சே!"

"எனக்கு என்ன போச்சு, ஒன்பது அடி" என்றார். பிறகு, "போனது அது இல்லைன்னு எனக்கும் தெரியும்" என்றார்.

கடைக்காரன் காபி ஊற்றிவிட்டுப் போனான். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு டப்பா விஷயத்தைச் சொன்னேன். என் அலமாரியில் இருக்கிறது, ஒரு அடிகூடக் குறையாமல் இருக்கிறது என்றேன்.

"நானும் அதைப் பாத்ததில்லையே வின்னி" என்றார். "அன்னைக்குப் போன் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

கோராவிடமிருந்து வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், பெயர் மட்டும் போட்டு. அந்த வருடம் அதில் ஒரு வரி கூடியிருந்தது: செப்டம்பரில் கணவனோடு இந்தப் பக்கம் வரலாம். லூதர் அதை நாலு தடவை சொன்னார். அவள் வந்ததும் சனிக்கிழமை எடிட்டிங் அறையில் மூவரும் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். எழுதிச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நான் சொன்னா பயந்துக்குவா" என்றார். "வரட்டும். பாத்துக்கட்டும்."

ஆகஸ்டு பத்தாம் தேதி ஓட்டல் வாசலில் யாருக்கோ கார்க் கதவைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்தபடியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் முடிந்துவிட்டது. டேட்டனுக்கு நான்தான் தந்தி கொடுத்தேன். அந்த வீட்டுக்கு நான் அனுப்பிய முதல் சேதி அது.

கோரா தனியாக வந்தாள். முப்பத்தேழு வயது. அவரைப் போலவே நீள முகம், நேர் முதுகு. அடக்கம் முடிந்த மறுநாள் அவளை எடிட்டிங் அறைக்குக் கூட்டிப் போனேன். வழி முழுக்க எல்லாவற்றையும் சொன்னேன், கார்டு, வெல்கர், என் கத்தரி, எதையும் விடவில்லை. அறையில் அவளை உட்கார வைத்து, பிளாஸ்திரியைக் கிழித்து, மூடியை நெம்பினேன்.

உள்ளே பிலிம் இல்லை. ஓரத்தில் தேன் மாதிரி ஒட்டிக்கொண்ட ஏதோ, நடுவில் பழுப்பாக ஒரு கட்டி. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அழுகல் நாற்றம் மூக்கில் ஏறியது. இந்த வகைப் பிலிமைக் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது, அடைத்தால் அது தன்னையே தின்றுவிடும். ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அதை என் வீட்டில் என் பயம்தான் மூன்று சுற்றுச் சுற்றி மூடியிருந்தது.

கோரா எட்டிப் பார்த்தாள். "இதுவா?" என்றாள்.

"இதுதாம்மா."

நான் அந்தக் காட்சியைச் சொல்ல ஆரம்பித்தேன். எஜமானரின் கோட்டு, காலரை நீவியது, கை நுழையாதது, அவர் அறையைச் சுற்றிப் பார்த்தது. நடித்துக் காட்டக்கூட எழுந்தேன். என்னால் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"நான் நம்பறேன்" என்றாள். "நீங்க பொய் சொல்லலை."

எனக்கு ஒரு நொடி மூச்சு வந்தது.

"அன்னைக்கே ஒரு கடுதாசி போட்டிருந்தாலும் நம்பியிருப்பேன்" என்றாள். "படம் எதுக்கு? நான்தான் வெட்டினேன், உங்கப்பா சொன்னது நெஜம்னு ஒரு வரி. அது போதுமே. நான் அந்த வாரமே ரயில் ஏறி வந்திருப்பேன்."

டப்பாவைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி வைத்தேன், அப்படியே விட்டால் தீப்பிடிக்கும். திரும்பியபோது கோரா கிளம்புவதற்குக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை. தானே போட்டுக்கொண்டு, தானே கதவைத் திறந்து போனாள்.